பள்ளிவாசல்: வித்தியாசம் குறைந்தால் விலை ஏறும் ஓட்டு

இடுக்கி லோக் சபா தொகுதி 1998இலும் 1999இலும் சில ஆயிரம் ஓட்டுகளில் கைமாறியது. அந்தச் சில ஆயிரத்தைப் போலப் பல மடங்கு ஓட்டு தேயிலைத் தோட்டங்களின் தமிழர்களிடம் இருந்தது. இழுபறி ஓய்ந்த பிறகு அவர்களைத் தேடி மலையேறுவோர் குறைந்துவிட்டனர்.

கொச்சியிலிருந்து வரும் நெடுஞ்சாலை அடிமாலியைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. மூணாறைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வருகிறது பள்ளிவாசல். தொழுகை நடக்கும் இடத்தைத் தேடி யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட வேண்டாம். இது ஊரின் பெயர். கடைப் பலகைகளில் மலையாளம், கடைக்குள் நடக்கும் பேச்சில் பாதி தமிழ். 1940இல், சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இங்கேதான் ஓடத் தொடங்கியது. சமவெளி மலையாளிக்குப் பள்ளிவாசல் என்றால் நினைவுக்கு வருவது இரண்டு: ஒன்று மின்சாரம், மற்றொன்று வழக்கு. 1990களில் பள்ளிவாசல், செங்குளம், பன்னியாறு மின் நிலையங்களைப் புதுப்பிக்கக் கனடாவின் எஸ்.என்.சி. லாவலின் நிறுவனத்துடன் நடந்த ஒப்பந்தம், அப்போது மின்துறை அமைச்சராக இருந்த பினராயி விஜயனைப் பின்னர் நீதிமன்றம்வரை இழுத்தது. 2013இல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017இல் கேரள உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபின் அது ஒத்திவைக்கப்படுவதே செய்தியாயிற்று. ஆக, கேரளத்தில் எந்தத் தேர்தல் மேடையிலும் பள்ளிவாசலின் பெயர் அடிபட்டிருக்கிறது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

பேச்சு எழுந்த காலமும் உண்டு. 1998 பிப்ரவரி-மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் இடுக்கி தொகுதியில் காங்கிரஸின் பி.சி. சாக்கோ, கேரள காங்கிரஸ் (ஜோசப்) வேட்பாளர் பிரான்சிஸ் ஜார்ஜை 6,350 ஓட்டுகளில் தோற்கடித்தார். அந்த லோக் சபா பதின்மூன்று மாதம்தான் தாங்கியது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்ற கணக்கில், ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக் கொண்டதால் வந்த வினை என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். மீண்டும் தேர்தல் வந்தபோது இடுக்கியில் காங்கிரஸ் பி.ஜே. குரியனை நிறுத்தியது. குரியன் புதியவர் அல்லர். இதே தொகுதியில் 1984இல் 1,30,624 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். இம்முறை பிரான்சிஸ் ஜார்ஜ் அவரை 9,298 ஓட்டுகளில் வீழ்த்தினார். இரண்டு தேர்தல்களிலும் கேரளத்தில் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 11, இடது ஜனநாயக முன்னணிக்கு 9 என்ற கணக்கு மாறவில்லை. மாநிலத்தின் மொத்தக் கணக்கு அசையாதபோது இடுக்கி மட்டும் அசைந்தது.

இதற்கு முன்னும் ஒரு முறை இப்படி நடந்திருக்கிறது. 1980இல் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.எம். லாரன்ஸ் கேரள காங்கிரஸின் டி.எஸ். ஜானை 7,033 ஓட்டுகளில் தோற்கடித்தார்.

மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தேர்தல் செய்திகளை மாற்றுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நொடி நிற்பார்கள். 6,350 ஓட்டு 'வித்தியாசத்தில்' வென்றார் என்று நாம் எழுதுவதை, மலையாளப் பத்திரிகை 6,350 ஓட்டு 'பூரிபட்சம்' என்று எழுதும். நேராகப் பெயர்த்தால் அது 'பெரும்பான்மை'. நமக்கு வெறும் கழித்தல் கணக்காகத் தெரிவது அவர்களுக்குக் கட்சியின் சொத்து. வாக்காளருக்கும் அங்கே இன்னொரு பெயர் உண்டு: சம்மதிதாயகர், அதாவது சம்மதம் தருகிறவர். மலைமேல் அந்தச் சம்மதத்தைக் கேட்டு யார், எப்போது வந்தார்கள் என்று பார்த்தால், பூரிபட்சம் சுருங்கிய காலங்களில்தான் காலடிச் சத்தம் அதிகம் கேட்டிருக்கிறது.

அன்றைய இடுக்கி தொகுதி இன்றையதைப் போன்றதல்ல. 2008இல் எல்லைகள் மாற்றப்படும்வரை தெற்கே ரான்னி, பத்தனம்திட்டை பக்கம்வரை நீண்டு கிடந்தது. இப்போது தேவிகுளம், உடும்பன்சோலை, இடுக்கி, பீர்மேடு, தொடுபுழா ஆகியவற்றுடன் மேற்கே மூவாற்றுப்புழா, கோதமங்கலம் சேர்ந்திருக்கின்றன. எப்படி வெட்டி ஒட்டினாலும் தொகுதிக்குள் இரண்டு உலகங்கள். ஒன்று, கோட்டயம், பாலா, தொடுபுழா பக்கங்களிலிருந்து ஏறி வந்து காட்டைத் திருத்தி ஏலமும் மிளகும் ரப்பரும் போட்ட மலையாளக் குடியேற்ற விவசாயிகள். அவர்களுக்குச் சர்ச் உண்டு, பட்டா என்ற கோரிக்கை உண்டு, கேரள காங்கிரஸ் என்ற கட்சி அதன் எல்லாப் பிரிவுகளோடும் உண்டு. மற்றொன்று, கங்காணிகளின் பின்னால் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழுந்து பறிக்க வந்தவர்களின் வாரிசுகள். அவர்களுக்கு லயம் உண்டு, யூனியன் உண்டு. லயத்து வீடு கம்பெனியுடையது. தொகுதியில் ஜெயிப்பவர் எந்த உலகத்திலிருந்து வருவார் என்பதில் ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. 1977இல் தொகுதி பிறந்ததிலிருந்து இங்கிருந்து டில்லி போனவர்களில் ஒருவர்கூடத் தமிழர் அல்லர்.

போனவர்களில் பலர் உள்ளூர்க்காரர்களும் அல்லர் என்பது வேறு விஷயம். இடுக்கி தொகுதி நீண்ட காலம் பெரிய தலைகளுக்கு ஒரு பயணியர் விடுதியாகவே இருந்தது. முதலில் வந்த சி.எம். ஸ்டீபன், ஜனதா ஆட்சியில் லோக் சபா எதிர்க்கட்சித் தலைவராக உயர்ந்தார். லாரன்ஸ் எர்ணாகுளத்துக்காரர். குரியன் மாவேலிக்கரையிலிருந்து வந்து மாவேலிக்கரைக்கே திரும்பினார். 1996இல் வென்ற ஏ.சி. ஜோஸ் 1998இல் முகுந்தபுரத்துக்குப் போய்விட, முகுந்தபுரத்திலிருந்து சாக்கோ இடுக்கிக்கு வந்தார். அடுத்த ஆண்டே கோட்டயத்துக்குப் போனார். இரண்டு எம்.பி.க்கள் தொகுதியை மாற்றிக் கொண்டார்களே தவிர, மூணாறு-தேவிகுளம் லயங்களில் யார் வந்தார், யார் போனார் என்று கணக்கு வைத்திருப்பது சிரமம்.

ஓட்டின் விலை உச்சத்துக்குப் போன தேர்தல் ஒன்று உண்டு. அது லோக் சபாவுக்கு நடந்ததல்ல; ஆனால் டில்லி முழுதும் அதைத்தான் பார்த்துக் கொண்டிருந்தது. 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தபோது, 126 பேர் கொண்ட சட்டசபையில் கட்சிக்கு 60 இடம், ஆதரித்த சுயேச்சைகள் ஐந்து. விரல் விட்டு எண்ணக்கூடிய மெஜாரிட்டி. தேவிகுளத்தில் ஜெயித்திருந்தவர் ரோசம்மா புன்னூஸ், வித்தியாசம் 1,922. காங்கிரஸின் பி.கே. நாயருடைய வேட்புமனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்று வழக்குப் போய், தேர்தலே செல்லாது என்று தீர்ப்பானது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். நாயர் தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்த ஐ.என்.டி.யு.சி. தலைவர், மலைக்குப் புதியவர் அல்லர். கம்யூனிஸ்ட் கட்சி தன் தரப்பில் தேர்தல் பொறுப்பைக் கொடுத்து மலைக்கு அனுப்பியது ஆலப்புழையின் வி.எஸ். அச்சுதானந்தனை. பின்னாளில் முதல்வராகி, 2007இல் மூணாறு ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்க மண்வாரி இயந்திரங்களை அனுப்பினாரே, அதே வி.எஸ்.

அந்த இடைத்தேர்தலில் கட்சிக்குப் பெரிய தேவை தமிழ். மார்க்சியத்தை மலையாளத்தில் பேச ஆள் இருந்தது. லயத்து வாசலில் நின்று தமிழில் பாடுவதற்கு வேண்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்தார். இசையமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன். அவருடைய பிரசாரப் பாட்டுகளுக்கு வெற்றியில் இருந்த பங்கைக் கம்யூனிஸ்டுகள் இன்றும் சொல்கிறார்கள். ரோசம்மா இம்முறை 7,089 ஓட்டில் ஜெயித்தார். அரசு பிழைத்தது, பிழைத்து, மறு ஆண்டு டில்லியால் கலைக்கப்பட்டது.

இத்தனைக்கும் அது தேவிகுளம் தமிழர்களின் மனம் ஆறாத காலம். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடி, 1954இல் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரித் தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. மலைத் தாலுகாக்கள் இரண்டும் அந்தப் பக்கமே நின்றன. குளமும் மேடும் எங்கிருந்தால் என்ன, இந்தியாவுக்குள்தானே என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு தமிழ்நாட்டு மேடைகளில் இன்னும் சுற்றுகிறது. அதற்குள்ளேயே, 1955 வாக்கில், பட்டம் தாணுப்பிள்ளை காலத்துக் குடியேற்றத் திட்டம் மலையாளக் குடும்பங்களை ஹைரேஞ்சில் குடியமர்த்தத் தொடங்கியிருந்தது. கல்லாறு அருகே பட்டம் காலனி என்ற பெயரே அதற்குச் சாட்சி. மாநில எல்லையை நிர்ணயிப்பதில் தலைகளை எண்ணுவதும் உண்டு என்று அரசியல்வாதிகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

1958இன் தேவிகுளமும் 1998-99இன் இடுக்கியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. போட்டி நெருங்கும்போது கட்சிகளுக்குத் தமிழ் நினைவு வருகிறது. தமிழில் நோட்டீஸ் அடிக்கப்படுகிறது. அதன் தமிழ் சில சமயம் மலையாளத்துக்கு வேட்டி கட்டியது போல இருக்கும் என்பதைப் பொறுத்துக் கொள்ளலாம். எல்லை தாண்டிப் பேச்சாளர்கள் வருவார்கள். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. மூன்றின் எஸ்டேட் கமிட்டிகளும் கூடும். கொழுந்து எடுக்கும் பெண்கள் மாலையில் எடை போட்டுத் திரும்பும் நேரம் பார்த்து ஜீப் நிற்கும்.

ஆனால், தோட்டத்தில் ஓட்டு என்பது ரகசியமா? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பூத் என்பது பல இடங்களில் ஓரிரண்டு டிவிஷன்களின் லயங்கள், அவ்வளவுதான். 1990களில் வாக்குச்சீட்டு இருந்தபோது, எண்ணுவதற்கு முன் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்துவிடத் தேர்தல் விதிகளில் இடமிருந்தது. எந்த லயம் யாருக்குப் போட்டது என்று யாரும் விரல் நீட்ட முடியாது. 2004 பொதுத் தேர்தலில் நாடு முழுதும் மின்னணு இயந்திரம் வந்ததும் அந்தக் கலப்பு முடிந்தது. இப்போது எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று தேர்தல் அதிகாரியின் படிவமே சொல்லிவிடும். பல இயந்திரங்களின் கணக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் கமிஷன் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்டக் கமிஷன் தன் 255ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. வீடும் வேலையும் ஒரே கம்பெனி, சங்கமும் கட்சியும் ஒரே ஆள் என்ற இடத்தில் இதன் அர்த்தம் என்ன என்று பட்டணத்து வாக்காளருக்கு எளிதில் புரியாது.

இந்த இயந்திரக் கதையிலும் இடுக்கிக்கு ஓர் உறவு இருக்கிறது. இந்தியாவில் மின்னணு இயந்திரம் முதன்முதலில் ஓடியது 1982இல், கேரளத்தின் பரவூர் சட்டசபைத் தொகுதியில், 50 பூத்துகளில். அங்கே 123 ஓட்டில் தோற்றவர் இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 1984இல் அவர் பக்கம் தீர்ப்பாகி, அந்த 50 பூத்துகளிலும் வாக்குச்சீட்டில் மறுதேர்தல் நடந்தது. அவர் ஜெயித்தார். அவர்தான் 1996இல் இடுக்கி எம்.பி. ஆன ஏ.சி. ஜோஸ். ஒரு ஓட்டின் எடையை அவரைவிட நன்றாக அறிந்த எம்.பி. இந்த மலைக்குக் கிடைத்ததில்லை. ஆனால் கிடைத்தது இரண்டே ஆண்டு.

லோக் சபாவுக்குத் தமிழர் போகவில்லை என்றாலும் சட்டசபைக்குத் தமிழர்தான் போகிறார். தேவிகுளம் தனித்தொகுதி. காங்கிரஸின் ஏ.கே. மணி 1991, 1996, 2001 என்று மூன்று முறை. மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 2006, 2011, 2016 என்று மூன்று முறை. 2016இல் ராஜேந்திரன் மணியைத் தோற்கடித்தது 5,782 ஓட்டுகளில். அதே தேர்தலில் தனியாக நின்ற அ.தி.மு.க. பதினோராயிரத்துக்கும் மேல் வாங்கி, பா.ஜ.க.வைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்தது. மறைந்த ஜெயலலிதாவின் படம் கேரளத்தில் ஓட்டாக மாறிய அபூர்வமான இடம் இது. 2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா, காங்கிரஸின் டி. குமாரை 7,848 ஓட்டில் வென்றார். ஆக, சட்டசபைக் கணக்கில் தேவிகுளம் இழுபறியை விடவில்லை. கட்சிகளும் தமிழ் வேட்பாளரை விடவில்லை.

ராஜா 2021 மே 24 அன்று தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக் கொண்டார். சட்டத்துறை தயாரித்துக் கொடுத்த தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன் அல்லது உளமார உறுதி கூறுகிறேன் என்று வரவேண்டிய பகுதியே விட்டுப் போயிருந்தது. ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் பிரமாணம் எடுத்தார். இடையில் அவையில் உட்கார்ந்த குற்றத்துக்கு 2,500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் ஒரு வரி விழுந்ததற்குச் சட்டமன்ற உறுப்பினர் அபராதம் கட்டியது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. ராஜாவின் சோதனை அதோடு முடியவில்லை. தாழ்த்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு அவர் தகுதியானவர் அல்லர் என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி வெற்றியை உறுதி செய்தது.

லோக் சபாவில் நிலைமை நேர் எதிர். 2004இல் பிரான்சிஸ் ஜார்ஜின் வித்தியாசம் 69,384 ஆயிற்று. அதே ஆண்டு பக்கத்து மூவாற்றுப்புழா லோக் சபாத் தொகுதியில் பி.சி. தாமஸ் வெறும் 529 ஓட்டில் ஜெயித்து, 2006இல் உயர் நீதிமன்றத்தில் அதையும் இழந்தார். இடுக்கியிலோ நெருக்கம் திரும்பவே இல்லை. 2009இல் காங்கிரஸின் பி.டி. தாமஸ் 74,796. 2014இல் இடது முன்னணி ஆதரவு சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் 50,542. 2019இல் காங்கிரஸின் டீன் குரியாகோஸ் 1,71,053. 2024இல் அவரே 1,33,727.

வித்தியாசம் ஐந்து, ஆறு இலக்கத்துக்குப் போனால் தேர்தலின் பேச்சு எங்கே போகிறது என்பதற்கு 2014 நல்ல உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகள் குடியேற்ற விவசாயிகளைக் கொதிக்க வைத்தன. காட்கில் அறிக்கையை ஆதரித்த பி.டி. தாமஸுக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். காங்கிரஸ் அவருக்கு டிக்கெட் தரவில்லை. சர்ச் பின்னிருந்த ஹைரேஞ்ச் சம்ரட்சண சமிதியின் சட்ட ஆலோசகர் ஜாய்ஸ் ஜார்ஜ் எம்.பி. ஆனார். பட்டா உள்ளவனும் பட்டா கேட்பவனும் மோதிய தேர்தல் அது. கையளவு நிலம்கூட இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும், 232 ரூபாய் நாள் கூலி 500 ஆக வேண்டும் என்று மூணாறில் ஒன்பது நாள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டம் கம்பெனிக்கு எதிராக மட்டுமல்ல, மூன்று யூனியன்களுக்கும் எதிராக. கட்சித் தலைவர்கள் மேடையேற முயன்றபோது பெண்கள் விரட்டினார்கள். போனஸ் கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள். கூலி பின்னர் 301இல் நின்றது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் போராட்டத்தின் முகமான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு வென்றார். சிறிய தேர்தல், சிறிய வித்தியாசங்கள்: அங்கே அவர்களால் ஜெயிக்க முடிந்தது. லோக் சபா என்ற ஏழு சட்டசபைத் தொகுதிகளின் கடலில் அந்தக் கோபம் கரைந்து போயிற்று.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் பலி. நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள். தலைவர்கள் வந்தார்கள், குற்றியாறு பள்ளத்தாக்கில் சிலருக்கு வீடுகள் கட்டப்பட்டன. ஓய்வு பெற்றபின் தொழிலாளி எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நின்றது. 2024இல் பிரச்சினை யானை. பிப்ரவரி இறுதியில் மூணாறு கன்னிமலை எஸ்டேட்டில் காட்டு யானை ஓர் ஆட்டோ டிரைவரைக் கொன்றது. டீன் குரியாகோஸ் மூணாறில் உண்ணாவிரதம் இருந்தார். வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தும் எம்.பி. மலையேறி உட்கார்ந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

தமிழர்கள் கலந்து வாழும் பாலக்காட்டிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2009இல் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.பி. ராஜேஷ் அங்கே 1,820 ஓட்டில் தப்பினார். 2019இல் 11,637 ஓட்டில் வி.கே. ஸ்ரீகண்டனிடம் தோற்றார். அட்டப்பாடியின் தமிழ் பேசும் கிராமங்களுக்கு அந்த இரு தேர்தல்களிலும் மரியாதை கூடுதல். தேவிகுளம் ராஜாவை இரண்டாம் முறை தமிழில் பிரமாணம் எடுக்க வைத்த சபாநாயகரும் இதே ராஜேஷ்தான். 1,820இல் ஜெயித்தவர் தமிழ் வாசகத்தில் ஒரு வரி குறைந்ததையும் கவனிக்காமல் விடவில்லை.

நெருக்கமான போட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. சந்தேகம். ஓட்டு விலையேறும்போது, அது நல்ல ஓட்டா கள்ள ஓட்டா என்ற கேள்வியும் ஏறும். மலைத் தமிழருக்குக் கேரளத்தில் ஓர் ஓட்டு, போடி, கம்பம், உடுமலைப் பக்கம் ஓர் ஓட்டு என்பது ஒவ்வொரு தேர்தலிலும் எழும் புகார். தேர்தல் தேதிகளைப் பார்த்தால் புகாருக்குத் தீனி கிடைக்கிறது. 2009இல் கேரளம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 16, தமிழ்நாடு மே 13. விரல் மை அழிய இடையில் நாள் இருந்தது. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19, கேரளம் 26. ஒரு வாரத்தில் அழியும் மை அல்ல அது. 2016இலும் 2021இலும் சட்டசபைத் தேர்தல் இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் நடந்தது. இரட்டை ஓட்டுப் புகார் 2021இல் கேரளம் முழுவதற்குமாக வெடித்து உயர் நீதிமன்றம்வரை போனபோதும் விரல் முதலில் நீண்ட இடங்களில் இந்த எல்லையும் ஒன்று. சட்டம் தெளிவாகவே இருக்கிறது: இரு தொகுதிகளின் பட்டியலில் ஒருவர் பெயர் இருக்கக் கூடாது, இரண்டிலும் ஓட்டுப் போட்டால் இரண்டும் செல்லாது.

சட்டம் தெளிவாக இருந்தாலும் வாழ்க்கை அப்படி இல்லை. லயத்தில் பிறந்து லயத்திலிருந்தே வேலைக்குப் போனவர், ஓய்வுக்குப் பின் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்று மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் மூன்று சென்ட் வாங்கிப் போடுகிறார். அங்கே ரேஷன் கார்டு வேண்டும் என்றால் பெயர் வேண்டும். மகள் அங்கே படிக்கிறாள், அம்மா அங்கே இருக்கிறாள். இரண்டு முகவரியும் பொய்யில்லை. ஆனால் ஓர் ஓட்டுக்கு ஒரு முகவரிதான். 2025 நவம்பர் 4 முதல் தேர்தல் கமிஷன் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. பழைய பட்டியலில் நீங்களோ உங்கள் பெற்றோரோ எங்கே இருந்தீர்கள் என்று படிவம் கேட்டது. எல்லையின் இரு பக்கமும் ஒரே வாரங்களில் படிவம் வந்தபோது, இதுவரை ஒத்திப் போட்டுவந்த முடிவை மலைத் தமிழர் எடுத்தே ஆக வேண்டியதாயிற்று.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இங்கே கவனிக்கத் தக்கது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது அது. அப்படிப் பார்த்தால் கீழே வாங்கிப் போட்ட மூன்று சென்ட் ஓட்டுத் தராது. சொந்தமில்லாத லயம்தான் தரும். வேலையில் இருக்கும்வரை, பள்ளிவாசல் தொழிலாளியின் ஓட்டு பள்ளிவாசலில்தான். ஓய்வு பெற்று, பிள்ளைகளில் யாரும் தோட்ட வேலைக்கு வராவிட்டால், லயத்தைக் காலி செய்ய வேண்டும். இளைய தலைமுறை கொழுந்துக் கூடையை எடுக்க மறுத்து கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்க் கொண்டிருக்கிறது. அவர்கள் விட்டுப்போன கூடைகளை எடுக்க ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பலரின் ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது.